வீரையாவின் குதிகால்

அலோர் ஸ்டார் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பெரியப்பா, அப்பா போயிட்டாரு," என்றான் வீரையாவின் மகன். மீனை அப்படியே போட்டுவிட்டு அவன் ஊரான கரங்கானுக்குக் கார் ஏறினேன். வழியெல்லாம் கோபம்தான் வந்தது. என்னைவிட இளையவன், அவனுக்கு என்ன அவசரம்?

நானும் வீரையாவும் வேலை பார்த்த ரோந்துப் படகில் எங்களோடு இருந்தவர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தோனேசியாவோடு மலேசியாவுக்குக் கொன்ஃபிரன்தாசி என்ற மோதல் நடந்த காலம். தஞ்சோங் டாவாய்க்கு வெளியே கடலில், ஆயுதம் இறக்க வந்த எதிரிப் படகு ஒன்றை மடக்கினோம். அதிலிருந்த மூவரும் சண்டையே போடாமல் கையைத் தூக்கிவிட்டார்கள். அவர்களைக் கட்டிப்போட்டு, படகைக் கரைக்கு ஓட்டிவர வீரையாவையும் என்னையும் அனுப்பினார்கள்.

எதிரிப் படகில் கால் வைக்கும் முன் பூட்ஸைக் கழற்றி எங்கள் படகிலேயே விட்டுவிட்டான் அந்தக் கிறுக்கன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, அடுத்த வீட்டு வாசலில் செருப்பை விட்டுப் பழகியவன். விருந்துக்கா வந்திருக்கிறோம் என்று திட்டினேன். "பழக்கதோஷம்ணே," என்று அசடு வழிந்தான். திரும்ப எடுக்க வழியில்லை. எங்கள் படகு இன்னொரு எதிரிப் படகைத் துரத்திக்கொண்டு போய்விட்டது.

நான் சுக்கானைப் பிடித்தேன். கட்டுண்ட மூவரும் கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. அவர்கள்மேல் ஒரு கண் வைத்தபடியே ஓட்டினேன். திடீரென்று வீரையா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான்.

"அண்ணே, பலகை இடுக்குல தண்ணி ஏறுது."

பூட்ஸ் போட்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகையைப் பெயர்த்தான். பிடிபடும் முன்பே, அடித்துளையை அடைக்கும் கட்டையைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருந்தார்கள், பாவிகள். சட்டையைச் சுருட்டித் திணித்தான். தண்ணீர் அதை வெளியே தள்ளியது. அதன்மேல் வலது குதிகாலை வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினான். அப்படியும் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"அவங்க கயித்தை அவுத்துடுங்கண்ணே. முழுகினா நீந்தட்டும்."

முடியவே முடியாது, அவிழ்த்தால் நம் கழுத்தை நெரிப்பார்கள் என்றேன்.

"அப்ப காலை எடுத்துடவா?"

கயிற்றை அறுத்தேன். ஒருவன் எழுந்து நேரே என்னிடம் வந்தான். துப்பாக்கியை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய், தகர டின்னை எடுத்துத் தண்ணீரை வாரி இறைக்கத் தொடங்கினான். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஆற்றுவாய் வரும்வரை மூவரும் மாறி மாறி இறைத்தார்கள்.

கரையில் வீரையாவைத் தூக்கித்தான் இறக்கினோம். துளையின் விளிம்பு குதிகாலைக் கிழித்திருந்தது. கடைசிவரை அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடந்தான்.

கரங்கானில் அவன் மகன் பழைய பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, அப்பாவுக்கு மாட்டத் தயாராக வைத்திருந்தான். வேண்டாமப்பா என்றேன். குனிந்து வீரையாவின் வலது குதிகாலைத் தொட்டுக் கும்பிட்டேன். மூத்தவர் இளையவன் காலைத் தொடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். தொடாமல்? அந்தத் தழும்பின் சொரசொரப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அது எனக்குப் போதும்.