கைகளால் நடந்த வகுப்பு

முதல்வர் கூப்பிட்டனுப்பியபோது நான் ஆய்வகத்தில் எரிந்துபோன ஒரு பவர் சப்ளையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் பல வருடங்களாக மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதல்வர் அறைக்குப் போனால் கூடவே ஒரு புது வேலையும் வரும் என்பது அதற்குள் பழகிவிட்டிருந்தது.

"யுனிவர்சிட்டி ஃபண்ட் சேங்ஷன் ஆயிடுச்சு மேடம். எல்லாரும் இன்ஜினியரிங் படிக்கணும்கிற ப்ராஜெக்ட். நீங்கதான் கோஆர்டினேட்டர். உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

எனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று யார் சொன்னார்களோ தெரியாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் என்பதுதான் சரி.

அந்தத் திட்டத்துக்கு எங்கள் கல்லூரி விண்ணப்பித்ததற்கு ஒரே காரணம் இரண்டாம் ஆண்டில் இருந்த ஒரு பெண். முசரவாக்கத்துக்காரி. பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, கலந்தாய்வில் தானே மின்னணுவியலைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்களோ கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிறவர்கள். முதல் ஆண்டில் முக்கால்வாசித் தாள்களில் அவளுக்கு அரியர். கணக்கில் மட்டும் தேறியிருந்தாள், அதைப் பலகையில் எழுதித்தான் ஆகவேண்டும் என்பதால்.

திட்டத்துக்குத் துவக்க விழா வைத்தார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, மேடைக்குப் பின்னால் அவளுடைய படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். அவளையும் மேடையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மைக்கில் பேசினார்கள். அவளுக்குச் சைகையில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம் அவள் கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்.

"என்ன பேசுறாங்க?"

"உன்னைப் பத்தி" என்று தட்டினேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். "நல்லதாவா?"

சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்கவே அந்த செமஸ்டர் பாதி போய்விட்டது. கடைசியில் தாம்பரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. பேசப் பழகுவதற்கு முன்பே கையசைக்கப் பழகியவர். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து வருவார். முகூர்த்த மாதங்களில் பட்டு எடுக்க வரும் வண்டிகளால் ஊரே அடைத்துக்கொள்ளும். அப்போது வியர்த்து விறுவிறுத்து இரண்டாவது பீரியடுக்குத்தான் வந்து சேருவார்.

அவருக்குச் சைகை தெரியும், மின்னணுவியல் தெரியாது. எனக்கு நேரெதிர். வகுப்புக்கு முன்னால் கேன்டீனில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை நான் அவருக்குச் சொல்வேன். அவர் அதைக் கைகளுக்குக் கொண்டுவருவார். பாதிச் சொற்களுக்குச் சைகையே இல்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உண்டாக்கினோம். மூன்று விரல்களை நிமிர்த்தி நடுவிரலை மறு கையால் லேசாகத் தட்டினால் டிரான்சிஸ்டர். முன்னால் நீட்டிய கை வளைந்து திரும்பி வந்து நெஞ்சைத் தொட்டால் ஃபீட்பேக். அது அந்தப் பெண் சொன்ன யோசனை. அந்த நாட்களில்தான் அவள் வகுப்பில் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

அவளுடைய அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவர். ஒரு நாள் வேலை முடிந்து நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டார்.

"எங்களுக்கு சோறு, தண்ணி, பஸ்ஸு, அவ்ளோதான் சைகைல தெரியும் மேடம். இப்ப வூட்டுக்கு வந்தா கையாலயே பேசிக்கினு இருக்குது. நாங்க பாத்துக்கினு குந்திக்கினு இருக்கறோம். நல்லாத்தான் இருக்குது."

வகுப்பு முடியும் நேரத்தில் மொழிபெயர்ப்பாளருக்குத் தோள் விட்டுப்போகும். "இதுக்கு ரெண்டு பேரு மாத்தி மாத்தி நிக்கணும் மேடம். ஒரே ஆளு நாள் பூரா பண்ண முடியாது" என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நான் போய் முதல்வரிடம் சொன்னேன்.

"கருத்தரங்கு நடத்தலாம், கருவி வாங்கலாம். ஆள் சம்பளத்துக்கு இதுக்கு மேல ஃபண்ட்ல இடம் இல்ல மேடம்."

கருத்தரங்கு நடந்தது. வந்தவர்களுக்கு நினைவுப்பரிசு கொடுத்தோம். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றும் வாங்கினோம். தமிழும் இங்கிலீஷும் கலந்து நாங்கள் பேசுவதைக் கேட்டு அது எதை எதையோ எழுதியது. அதைப் படித்து அந்தப் பெண் ஒரு வாரம் சிரித்தாள். பிறகு திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

திட்டக் காலம் முடிந்தது. நீட்டிப்புக்கு எழுதினோம், பதில் வரவில்லை. கடைசி நாளன்று மொழிபெயர்ப்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாதி கத்துக்கிட்டீங்க மேடம், சமாளிச்சுடுவீங்க" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. அவருடைய சைகையில் ஒரு வாக்கியமாக ஓடுவது என் கையில் ஒவ்வொரு சொல்லாகத் தடுக்கி விழும்.

இருந்தாலும் நான்தான் நின்றேன். என் வகுப்பில் பேசிக்கொண்டே கையும் காட்டினேன். இரண்டும் ஒழுங்காக வரவில்லை. மற்ற ஆசிரியர்களின் பாடங்களை மாலையில் ஆய்வகத்தில் உட்கார்ந்து அவளோடு படித்தேன். வீட்டுக்குப் போனதும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். "உன் மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது லீவு உண்டா?" என்று என் கணவர் கேட்டார். கோபமாக இல்லை. அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

ஒரு மாலை, சர்க்யூட் ஒன்றை விளக்கும்போது பாதியில் என் கை நின்றுவிட்டது. அடுத்த சொல் வரவில்லை. அவள் என் கைகளைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு கைப்பேசியில் எழுதினாள்.

"போதும் மேம். என் பக்கம் திரும்பிப் பேசுங்க. மத்தத எழுதிப் போடுங்க. அது போதும்."

அது போதாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அப்படித்தான் செய்தோம்.

இறுதி ஆண்டு வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். அவள் செய்து வைத்திருந்த சர்க்யூட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத இவங்களே செஞ்சாங்களா? கேட்டா புரியுமா?"

இரண்டு கேள்விகளையும் அப்படியே கையில் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. பதில் சொன்னாள்.

"என்கிட்ட கேக்கச் சொல்லுங்கன்னு சொல்றாங்க சார்" என்றேன்.

அவர் சங்கடப்பட்டு அவள் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சத்தத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் காட்டியதை நான் குரலில் சொன்னேன். ஒரு இடத்தில் நான் தப்பாகச் சொல்ல, அவள் என் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்து என்னைத் திருத்தினாள். மதிப்பெண் நியாயமாகத்தான் போட்டார்.

வளாக நேர்காணலுக்கு வந்த கம்பெனிகள் அவளைத் திருப்பி அனுப்பின. அபாயச் சங்கு ஊதினால் எப்படிக் கேட்கும் என்றார்கள். விளக்கு பொருத்தலாமே என்று அவள் எழுதிக் காட்டினாள். பார்க்கலாம் என்றார்கள். கடைசி அரியரும் முடிந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற பிரிவில் இடம் கிடைத்தது. சில சமயம் வீடியோ அனுப்புவாள். கையால் வேகமாகப் பேசுகிறாள். எனக்குப் பாதிதான் புரிகிறது.

இந்த வருடச் சேர்க்கையில் கூரத்திலிருந்து இன்னொரு பெண், அவளுக்கும் காது கேட்காது, சிவில் துறை. முதல்வர் மறுபடியும் கூப்பிட்டார்.

"புது ஸ்கீம் வந்திருக்கு மேடம். அப்ளை பண்ணலாம்."

"மொதல்ல ரெண்டு மொழிபெயர்ப்பாளர் சம்பளம் போடுங்க சார். மத்ததெல்லாம் அப்புறம். ஆனா இந்தத் தடவை வேற யாராவது பாக்கட்டும். எனக்கு முடியல."

அவர் வற்புறுத்தவில்லை. பார்க்கலாம் என்று தலையசைத்தார். வெளியே வந்தபோது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

வகுப்புகள் தொடங்கிய முதல் நாள் காலை, முதலாண்டு மாணவர்களுக்கு அறையை மாற்றிவிட்டார்கள். மைக்கில் அறிவித்தார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது காலியான வகுப்பறை வாசலில் கூரத்துப் பெண் பையை அணைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்தாள். கதவில் ஒட்டியிருந்த எண்ணையும் தன் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

நான் கையை உயர்த்தி, அறை மாறிவிட்டது, என்னோடு வா என்று சொன்னேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் மாடிப்படி ஏறினோம்.