ஆற்றோடு போன நத்தைகள்

போன வாரம் பக்கத்து ஃபிளாட் சுதா கதவைத் தட்டினாள். கையில் போன். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, இதைப் பாருங்க... எங்க மீன் தொட்டியில இருந்ததுதானுங்களே?"

வாட்ஸ்அப்பில் அவள் தம்பி அனுப்பிய படம். வாய்க்கால் கல்லில் ரோஸ் கலரில் கொத்துக் கொத்தாக முட்டை. கீழே எலுமிச்சை அளவில் நத்தைகள்.

சுதாவுக்கு ஊர் மேட்டூருக்குக் கீழே, அம்மாப்பேட்டை பக்கம். தம்பி அங்கே காவிரித் தண்ணீரில் நெல் போடுகிறான். இவளுக்கு இங்கே பெல்லந்தூரில் ஐடி வேலை. ஆடிப் பெருக்குக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காது... அதற்காக விடுவாளா? மேட்டூருக்கும் மேலே, அதே காவிரி ஓடும் ஸ்ரீரங்கப்பட்டணம் போய், படித்துறையில் காதோலை கருகமணி விட்டுக் கும்பிட்டுவிட்டு வருவாள். அந்தத் தண்ணீர்தானே தம்பி வயலுக்குப் போகிறது என்று அவளுக்கு ஒரு திருப்தி.

சில வருஷம் முன்பு அவள் வீட்டு மீன் தொட்டியில் நத்தை பெருகி, கண்ணாடியே தெரியாமல் போனது. கடையில் அழகுக்கு வாங்கியவைதான். கொன்றுவிடு என்றார் கணவர். ஆடி மாதத்தில் உயிரைக் கொல்வதா? ஒரு பக்கெட்டில் அள்ளி காரில் ஏற்றிக்கொண்டாள். பூவும் மஞ்சளும் விட்ட கையோடு நத்தைகளையும் ஆற்றில் விட்டாள். எப்படியோ பிழைத்துக்கொள்ளட்டும் என்றாள். கூட நின்ற எனக்கும் அது புண்ணியமாகத்தான் பட்டது.

இப்படிப் பிழைக்கும் என்று யார் கண்டது? வெளிநாட்டு நத்தை... இளம் நாற்று என்றால் அதற்கு உயிர். தம்பி நட்டதில் பாதியைக் காணோம்.

இவள் விட்டவற்றின் வாரிசா, வேறு யாரோ விட்டதா — காவிரிக்குத்தான் தெரியும். மீன் தொட்டி என்ன ஒரு வீட்டிலா இருக்கிறது? நானும் இப்படிச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

என் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல்.

"எந்தப் பாவி கொண்டாந்து ஆத்துல உட்டானோ தெரியலக்கா."

சுதா போனை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

"நானும் உட்டிருக்கேன்டா."

அவன் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அழுதாள். எனக்கும் மனசு ஆறவில்லை. நல்லது என்று நினைத்துச் செய்ததற்கு, எந்தக் கோயிலில் பரிகாரம் செய்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறினாள் — தம்பியோடு வயலில் இறங்கி நத்தை பொறுக்க. கையில் அதே பக்கெட்.

விடும்போது அந்த ஒரு பக்கெட் போதுமானதாக இருந்தது.