ஒரே நாளில் பிறந்த பங்காளிகள்

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அரசின் ஒரு துறை இன்னொரு துறையிடம் எதையாவது சரிபார்க்க வேண்டியிருக்கும். முன்பெல்லாம் அதற்கு மக்கள்தான் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இப்போது அந்தக் கேள்வியும் பதிலும் கணினி வழியே போய் வருகின்றன. அந்த வழியைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. இந்த மாவட்டத்தில் அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "ஓ, கம்ப்யூட்டர் வேலை" என்பார்கள். என் அம்மா இன்னும் சுருக்கமாக, "கலெக்டர் ஆபீஸ்ல இருக்கா" என்பாள். ஒப்பந்தப் பணி என்பதை அவளும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

கட்டிய காலத்தில், ஊர் என்றால் என்ன என்று முடிவெடுக்கவே பல கூட்டங்கள் நடந்தன. ஒரு துறைக்கு ஊர் என்பது வருவாய்க் கிராமம். இன்னொன்றுக்கு ஊராட்சி. மற்றொன்றுக்கு ரேஷன் கடை. மூன்றின் எல்லையும் ஒன்றல்ல. ஒவ்வொரு கூட்டத்திலும் டீ வந்தது, முடிவு வரவில்லை. கடைசியில் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தும் அட்டவணையை நானே உட்கார்ந்து தயாரித்தேன். இன்றும் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. எங்காவது ஒரு ரேஷன் கடையை இரண்டாகப் பிரித்தால் அந்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் வேலை.

காலையில் வந்ததும் திரையில் சிவப்பில் நிற்கும் விண்ணப்பங்களைப் பிரிப்பேன். நான் சரிசெய்யக்கூடியவை, தாலுகா அலுவலகம் சரிசெய்ய வேண்டியவை, சென்னை சரிசெய்ய வேண்டியவை. முதல் வகையை மதியத்துக்குள் முடித்துவிடுவேன். இரண்டாவதற்குத் தொலைபேசி போதும். மூன்றாவது வகையில் எனக்கு வேலையே கிடையாது, காத்திருப்பதைத் தவிர. என்னைக் களைப்பாக்குவது அதுதான்.

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை, அறந்தாங்கிப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் மாடியேறி வந்தார்கள். பெண்ணுக்குப் பொறியியல் கலந்தாய்வு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்குத் தரப்படும் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தாள். அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. எங்கள் கணினி, அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே அந்தச் சலுகையை வாங்கிவிட்டார் என்று சொல்லி விண்ணப்பத்தை நிறுத்தியிருந்தது.

"தாலுகா ஆபீஸ்ல கேட்டோம். கலெக்டர் ஆபீஸ் மாடியில ஒரு பொண்ணு இருக்கு, அதுகிட்டப் போங்கன்னாக. நீங்கதானுங்களா?" என்றார் அந்த அம்மா.

"நான்தாங்க. ஒங்களுக்கு மூத்த பிள்ளை யாராச்சும் இருக்காங்களா?"

"இவதாங்க மூத்தவ. இவளுக்குப் பின்னாடி ஒரு பய, எட்டாப்பு படிக்கிறான். அவனா காலேசுக்குப் போனான்?"

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் பழைய பதிவைத் திறந்தேன். சில வருடங்களுக்கு முன் சான்றிதழ் வாங்கியிருந்தது ஒரு பையன். அப்பா பெயர் அதே. அப்பாவின் பிறந்த தேதி அதே. ஊரும் அதே. ஆதார் எண் இணைக்கப்படாத பழைய பதிவுகளில் இந்த மூன்றும் ஒத்துப்போனால் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்வதுதான் விதி. மாநிலம் முழுவதுக்கும் ஒரே விதி.

பையனின் பெயரைப் படித்துக் காட்டினேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது பெரியவுக மகங்க! எங்க வீட்டுக்காரவுகளுக்கு அவுக பெரியப்பா மகன். ரெண்டு பேருக்கும் தாத்தா பேருதான் வச்சிருக்கு. ஊருல அவுகளப் பெரியவருன்னும் இவுகளச் சின்னவருன்னும்தான் கூப்புடுறது."

"பிறந்த தேதியுமா ஒண்ணு?"

"ஒரே நாள்ல கொண்டுபோயி பள்ளிக்கூடத்துல விட்டாகளாம். வாத்தியாரு ரெண்டு பேருக்கும் ஒரே தேதியப் போட்டுட்டாராம்."

இதில் நான் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் கொடுத்த பிறந்தநாள் அது. விதியை எழுதியவர்களுக்குப் பிறந்த தேதி என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒன்று. எங்கள் பக்கத்தில் அது வகுப்புக்கு வகுப்பு வேறுபடும்.

பெண் சவூதியில் இருக்கும் அப்பாவை வீடியோவில் அழைத்தாள். நீல உடுப்பில், கழுத்தில் துண்டோடு ஒருவர் தெரிந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அந்தத் தேதியே வாத்தியாரு போட்டதுதானம்மா. நீங்க வேற ஒண்ணு போட்டுக்கங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

"அப்படிப் போட முடியாதுங்க. இங்க மாத்துனா அது எல்லா எடத்துக்கும் போயிரும். ஒங்க பாஸ்போர்ட்ல இந்தத் தேதிதானே இருக்கு? அதோட ஒத்துப்போகாம நின்னுரும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பாஸ்போர்ட்டா? வேணாம்மா, வேணாம். அதத் தொட்டுறாதீங்க."

பிறகுதான் அந்த அம்மா உண்மையான அவசரத்தைச் சொன்னார். கணவருக்கு ஒப்பந்தம் முடிகிறது. இந்த முறை ஊருக்கே வந்துவிடுவதாக முடிவு. வருகிறாரா, இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறாரா என்பதை வியாழக்கிழமைக்குள் கம்பெனியில் சொல்லியாக வேண்டும். சலுகை கிடைக்காவிட்டால் நீட்டிப்பதைத் தவிர வழியில்லை.

"இவ ஆறாப்பு படிக்கிறப்பப் போனவுக. நடுவுல ரெண்டு தடவதான் வந்துட்டுப் போனாக" என்றார்.

இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று தாலுகாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தால், அதை வைத்து அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் விடுவிக்கச் சென்னையைக் கேட்கலாம். அப்படி ஓர் அறிக்கையை ஏற்றுவதற்குத் திரையில் இடமே கிடையாது. வேறொரு காரணத்துக்காக வைத்திருந்த இடத்தில்தான் ஏற்ற வேண்டும். அதைத் தாலுகா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விளக்கிப் பார்த்து, முடியாமல், செவ்வாய்க்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன்.

தாலுகா அலுவலகத்தில் துணைத் தாசில்தார் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்தார். "ஏம்மா, ஒன் மெஷினுக்குப் பங்காளி யாரு, கூடப்பொறந்தவன் யாருன்னு தெரியாதா? எங்க வி.ஏ.ஓ.வக் கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிருவாரு."

"அந்த வி.ஏ.ஓ.வக் கேக்கக் கூடாதுன்னுதான் மேடம் மெஷினே வச்சாங்க."

"நல்லா வச்சாக, போ" என்று சொல்லிக்கொண்டே அறிக்கையை எழுத ஆரம்பித்தார்.

அந்தப் பையனின் அப்பாவான பெரியவர், கையெழுத்துப் போட வயலில் இருந்து அப்படியே வந்திருந்தார். கைலி மடிப்பில் சேறு காய்ந்திருந்தது. "தெருவுல பேரச் சொல்லிக் கூப்புட்டா நாங்க ரெண்டு பேரும் திரும்புவோம். கவர்மெண்டு இப்பத்தான் கூப்புட்டுப் பாக்குது" என்று அறைக்கே சத்தமாகச் சொன்னார். கையெழுத்துப் போடும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "இதுனால எம் மகன் சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகிறாதுல்ல? அவன் வேலையில இருக்கான்."

ஆகாது என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன்.

அன்று மாலையே அறிக்கையைச் சென்னைக்கு அனுப்பினேன். புதன்கிழமை காலை அங்கே இருப்பவரை அழைத்தேன். நல்ல மனிதர்தான். அவரும் என்னைப் போல ஒப்பந்தத்தில் இருப்பவர். அவர் மேசையிலும் எல்லா மாவட்டத்துச் சிவப்பும் குவிந்திருக்கும்.

"விதியில அப்பாவோட அப்பா பேரையும் சேத்துட்டா இந்த மாதிரி கேஸ் எல்லாமே சரியாயிடும் சார்" என்றேன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம். சீசன்ல விதியத் தொட்டா என் வேலை போயிடும். இந்த ஒரு கேஸ நான் மேல தள்ளி விடுறேன்."

"எப்ப முடியும்?"

"தள்ளி விடுறேன்னு சொன்னேன் மேடம். எப்பன்னு சொல்லலையே."

மதியம் அந்த அம்மா அழைத்தார். "அவுக கேக்குறாக. வந்துருமா, வராதா? நாளைக்கு அங்கிட்டுச் சொல்லியாகணும். ஒங்க வாயால ஒரு வார்த்த உறுதியாச் சொல்லுங்க, போதும்."

எனக்குத் தெரிந்தவற்றை மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அறிக்கை சரியாக இருக்கிறது. ஏற்றியாயிற்று. சென்னையில் பார்த்துவிட்டார்கள். இன்னும் இரண்டு அதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

"வரும்னுதாங்க நெனைக்கிறேன். ஆனா நாளைக்குள்ள வரும்னு என்னால சொல்ல முடியாது."

"சரிங்க" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை முழுவதும் திரையில் அந்த வரி அசையவில்லை. சென்னைக்காரர் அழைப்பை எடுக்கவில்லை. வேறு வேலைகளுக்கு நடுவே அதைத் திறந்து திறந்து பார்த்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் போனில் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அது பச்சையாகிவிட்டது. யார் ஒப்புதல் தந்தார்கள் என்று தெரியவில்லை, இரண்டு அதிகாரிகளின் பதவிகள் மட்டும் இருந்தன. கலந்தாய்வுக்குப் பதிவேற்றும் கடைசி நாளுக்கு இன்னும் நேரம் இருந்தது. உடனே அந்த அம்மாவை அழைத்தேன்.

"வந்துருச்சுங்க. ஒங்க பொண்ணோட சர்டிபிகேட் வந்துருச்சு."

"அப்புடியா!" என்றார். பின்னால் மிக்ஸி ஓடி நின்றது. "நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க. அவுக நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாகங்க. எதுக்கும் இருக்கட்டும்னு."

"திரும்ப வாங்க முடியாதுங்களா?"

"கேட்டாகளாம். முடியாதாம்." குரலில் குறையொன்றும் இல்லை. "ரெண்டு வருசந்தானுங்க. ஒங்களத்தான் அலைய விட்டுட்டோம்."

அதற்குள் போன் மகளின் கைக்குப் போயிருந்தது.

"அக்கா, சர்டிபிகேட்ட நான் டவுன்லோட் பண்ணிக்கலாமாக்கா?"

"பண்ணிக்க. ஒன் நம்பருக்கு லிங்க் வந்துருக்கும்."

"கலர்ல பிரிண்ட் எடுக்கணுமா, சாதாவே போதுமா?"

"எப்படி எடுத்தாலும் செல்லும்" என்றேன்.