பொங்கல் கிளறிய கயாக் துடுப்பு

ஜனவரி 25, ஞாயிறு, காலை 5.40. திருமழபாடியில் மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையில் நான் சாய்த்து வைத்த துடுப்பு ஒன்று. இப்போது அங்கே இருப்பது பூஜ்யம்.

கொள்ளிடம் ஆற்றில் கயாக் என்ற ஒற்றையாள் படகு விட வேண்டும், அதுவும் நானே செதுக்கிய துடுப்பால். ஐந்து வாரமாக இதே வெறி. பெரம்பலூர் சா மில்லில் மலைவேம்புப் பலகை, 700 ரூபாய். எடை குறைவு, ரேகை நேராக ஓடும்; முடிச்சு உள்ள பலகையைத் தள்ளிவிடுங்கள். இழைப்புளியால் தண்டை எண்பட்டையாக்கிப் பிறகு உருட்டினேன். நீளம் 220 செ.மீ. மிஷின் தொடவில்லை.

சனிக்கிழமை மதியம் பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். சுமார் அறுபது கிலோமீட்டர், காத்திருப்போடு மூன்று மணி நேரம். காற்றடைக்கும் கயாக் பைக்குள் அடங்கிவிடும், துடுப்பு அடங்காது. "யாரு கண்ண குத்தப் போற தம்பி?" என்றபடி கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

பஸ்ஸில் ஒரு முனையின் வார்னிஷ் உரசிப்போனது. சாயங்காலம் இன்னொரு கோட் அடித்துக் கொட்டகையில் காயவைத்தேன். மறுநாள் மாமா மகளுக்குக் காதுகுத்து. அது முடிந்ததும் ஆறு என்று திட்டம்.

விடியும்போது பந்தலுக்குப் பின்னால் நூற்றைம்பது பேருக்குப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. அண்டாவுக்குள் என் துடுப்பு.

"கிளறுற கட்டை உடைஞ்சிருச்சு மாப்ள. நீ தூங்கிட்டு இருந்த. நல்லா கழுவித்தான் குடுத்தேன்" என்றார் மாமா.

"அதுல வார்னிஷ் இருக்கு மாமா. நேத்து சாயங்காலம் அடிச்சது. இத யாரும் சாப்புடக் கூடாது."

சமையல்காரர் ஒரு கரண்டி எடுத்து மோந்தார். "நெய் வாசந்தான் வருது. இன்ஜினியர் சாருக்குக் கட்டை தேஞ்சிரும்னு கவலை."

மாமா என்னைத் தனியாக இழுத்தார். "உங்க அத்தை வூட்டு ஆளுங்க வந்துட்டாங்கடா. இப்ப சோத்தக் கொட்டுனா மூஞ்ச எங்க வெச்சுக்குறது?"

துடுப்பை வெளியே இழுத்துக் காட்டினேன். முனையில் வார்னிஷ் கொப்புளித்துப் பாதி உரிந்திருந்தது. உரிந்தது அண்டாவில். மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. குழி வெட்டிக் கொட்டினார்கள். வெளியிலிருந்து இட்லி வந்து சேர ஒன்பதரை. அதற்குள் பந்தலில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: சோத்தக் கெடுத்தவன். கேட்காமல் எடுத்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆற்றில் கயாக் விடும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்குப் பஸ் ஏறினேன்.

கயாக் விடப் போகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்காதீர்கள். தங்கினால் துடுப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குங்கள்.

இனி செய்யப்போவது:

1. கொப்புளித்த முனையை இரண்டு மில்லிமீட்டர் இழைத்தெடுப்பது.
2. தண்டை நடுவில் அறுத்து, பைக்குள் அடங்கும்படி இணைப்புக் குழாய் போடுவது.
3. வார்னிஷை விட்டொழித்து, ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவுவது.
4. மாமா எடுக்கும்வரை போன் போடுவது. இதுவரை நான்கு முறை எடுக்கவில்லை.