நன்றாக இருக்கும்போது கொடுக்கிற மருந்து

எங்கள் வீட்டில் யாருக்கும் ஆஸ்துமா கிடையாது. என் மகளுக்கு இருப்பது வெறும் வீசிங். ஆஸ்துமா என்றால் நாளைக்குப் பெண் கேட்டு வரமாட்டார்களாம். அவள் இப்போது யூகேஜி. மாப்பிள்ளை வீட்டார் எந்த நேரமும் வந்துவிடலாம் என்பதால், கேட் சத்தம் கேட்டாலே என் நாத்தனார் இன்ஹேலர்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்.

பள்ளியிலிருந்து மகள் மூக்கொழுகிக்கொண்டு வருவாள். அடுத்து காய்ச்சல், பிறகு நெஞ்சுக்குள் விசில். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும். உடனே குற்றவாளிகளைப் பிடிப்பார்கள்: வாழைப்பழம், தயிர், தலைக்கு ஊற்றிய நான். நெல் மூட்டைகள் ஏலம் போகும் கமிட்டியில் வேலை முடிந்து, சட்டையெல்லாம் தூசியோடு வந்து அவளைத் தூக்கிக் கொஞ்சும் என் கணவர்மேல் மட்டும் இதுவரை யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

போன முறை திண்டிவனத்து டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"சளி கிருமியால வருதும்மா, போயிடும். ஆனா இவ மூச்சுக்குழாய்க்குள்ள எப்பவுமே கொஞ்சம் வீக்கம் இருக்கு. சளி பிடிச்சா அது ஏறி, குழாய் சுருங்கிடுது. அதனால நல்லா இருக்கும்போதும் தினமும் இந்த இன்ஹேலர் மருந்து குடுக்கணும்."

தலையாட்டினேன். வெளியே வந்ததும் திரும்பிப் போய், "நல்லா இருக்கும்போதுமா?" என்று கேட்டேன். பஸ் ஏறும் முன் போனிலும் கேட்டேன்.

வீட்டில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.

"ஓடியாடினு இருக்கற புள்ளைக்கு இன்னாத்துக்கு மருந்து?" என்றார் கணவர்.

"பம்ப் பழகிட்டா அப்புறம் விடாதும்மா," என்றார் நாத்தனார்.

எம்.எஸ்சி. படித்த நானும் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், கொடுப்பது தப்போ, நிறுத்துவது தப்போ என்று குழம்பிக்கொண்டேதான் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் மறுபடியும் சளி வந்தது. சட்டையைத் தூக்கி அவள் முதுகில் காதை வைத்தபடியே திரிந்தேன். மூக்கு ஒழுகியது, இருமினாள். விசில் மட்டும் வரவில்லை. சில நாளில் பள்ளிக்கும் கிளம்பிவிட்டாள்.

"பாத்தியா? சாதா சளி. இவளுக்கு ஒண்ணுமே இல்ல. தெனம் மருந்து குடுத்துனு இருந்தியே, நிறுத்திடு," என்றார் கணவர்.

"நான் அப்பவே சொல்லல?" என்றார் நாத்தனார்.

மருந்து வேலை செய்ததையே மருந்து வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

"சரிங்க, டாக்டர்கிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க, நிறுத்திடலாம்," என்றேன்.

அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதாம். நான் இன்ஹேலரைக் குலுக்கி, மகளைக் கூப்பிட்டேன்.