ஒரே இங்கிலீஷ் சொல்லோடு கூக்கால் சரிவில்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பண்ணைக்காட்டில் மிளகு பறிக்கப் போய்விட்டேன். இன்றைக்குக் கொடைக்கானலில் என் பேரில் இரண்டு ஜீப் ஓடுகிறது என்றால், அதற்கு என் மூளையும் ‘டேக்’ என்கிற ஒரே இங்கிலீஷ் சொல்லும்தான் காரணம். படித்தவர்கள் அதற்கு ‘எடு’ என்று பொருள் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். என்னிடம் வந்தால் அது எல்லா வேலையும் பார்க்கும். டேக் டீ என்றால் குடிக்கலாம். டேக் சீட் என்றால் உட்காரலாம். டேக் ரெஸ்ட், டேக் போட்டோ, டேக் லெஃப்ட். வண்டி மெதுவாகத்தான் போகும் என்பதைக்கூட ‘டேக் டைம்’ என்று முடித்துவிடுவேன்.

ஜீப் ஸ்டாண்டில் டிரைவர் பயல்களுக்கு இது கேலி. “ஏலே, அண்ணன் ஒத்த வார்த்தைய வச்சே லண்டன் வரைக்கும் ஓட்டிருவாருடா” என்பான் ஒருவன். ஓட்டுவேன்தான்; நடுவில் கடல் கிடக்கிறது.

போன சீசனில் வயதான வெள்ளைக்காரத் தம்பதியைக் கூக்கால் ஏரிக்கு அழைத்துப் போனேன். அந்த அம்மா ரோட்டோரம் ஜீப்பிலேயே இருந்துகொண்டார். அவர் வீட்டுக்காரர் படம் பிடிக்கச் சரிவில் இறங்கினார்; நானும் பின்னாலேயே போனேன். ஈரப் புல்லில் வழுக்கி, கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். எதிர் மலையை மஞ்சு மூட ஆரம்பித்திருந்தது. அது எங்களிடம் வந்துவிட்டால் வழி தெரியாது. போனில் டவர் இல்லை. அதற்குள் அவரை மேலே ஏற்றியாக வேண்டும்.

டேக் மை ஹேண்ட் என்றேன். நோ என்றார். டேக் மை ஷோல்டர் என்றேன். அதற்கும் நோ. தானே எழுந்து ஓரடி வைத்தார், மறுபடி உட்கார்ந்தார். வலியில் முகம் சுருங்கியது; கை மட்டும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது. அடுத்தவன் தோளைப் பிடிப்பதைவிட விழுந்து கிடப்பதே கௌரவம் என்று நினைக்கிற ரகம். நானும் அதே ரகம் என்பதால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை எனக்கு வருவது வழக்கம்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்து முனகினேன். பிறகு மேலே ஜீப்பைக் காட்டி, “சார், யூ டேக் மீ” என்றேன்.

மனுசன் முகமே மாறிவிட்டது. ஒற்றைக் காலில் எழுந்து என் தோளை வளைத்துக்கொண்டார். என்னைத் தாங்குகிறேன் என்று அவர் சாய்ந்த சாய்வில் என் இடுப்பு ஒடிந்துவிடும் போலிருந்தது. அவரும் நொண்டினார், நானும் நொண்டினேன். நடுநடுவே முதுகில் தட்டி எனக்குத் தைரியம் வேறு சொன்னார். மஞ்சு எங்கள் காலடியிலேயே ஏறி வந்தது. நாங்கள் ரோட்டை மிதித்தபோது ஜீப் ஒரு நிழலாகத்தான் தெரிந்தது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் நம் பக்கத்து ஆள். வெள்ளைக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, முட்டி இப்ப எப்படி இருக்கு? இந்தக் காலோட உங்கள மேல கொண்டாந்து சேத்தாராம்ல. நீங்க ரொம்பப் பயந்துட்டீங்கன்னு சொல்றாருங்க.”

பயமா, எனக்கா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கட்டிலில் அந்த மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க. அவரு இல்லேன்னா நான் அங்கனயே கெடந்திருப்பேன்” என்றேன்.

அந்தப் பெருமையை ஊரிலும் விட்டுக்கொடுக்க நான் என்ன மகானா? மறுநாள் வெள்ளனே ஸ்டாண்டில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கதை எனக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஒரு பயலும் என்னை நம்பவில்லை. ஒருவன் மட்டும் முட்டிக்குத் தடவிக்கொள்ளச் சொல்லி, நீலகிரித் தைலம் வாங்கி வந்து கொடுத்தான்.