சொல்லிவிட்டுப் போனவர்

என் அண்ணன் இறந்த மூன்றாம் நாள், அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்களில் அவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மன்னவனூரிலிருந்து கேரட் ஏற்றிவரும் வேன் டிரைவர் என்று சொன்னார். காதை மூடிய கம்பளிக் குல்லா, சேறு காயாத செருப்பு. உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, வீட்டை அளப்பதுபோலப் பார்த்தார்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தவர். என் மகள் மேல் உயிர். அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காலையில் எங்கே போகிறார் என்று கேட்பதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம்.

"பெரியப்பா மன்னவனூர்ல எடம் கிடம் வாங்கிப் போட்டிருப்பாரோ? அதுக்குத்தான் வந்திருக்காரு போல," என்றாள் மகள் என் காதோடு. எனக்கும் அதே நினைப்புதான்.

அவர் எழுந்தார். அண்ணன் படத்தின் முன்னால் நின்று, "போயிட்டு வர்றேண்ணே," என்றார்.

துட்டி வீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், சொல்லாமல்தான் கிளம்புவார்கள். இவர் எதற்கு மறுபடியும் வரப்போகிறார்? வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"இங்க அப்படிச் சொல்லக் கூடாதுங்க," என்றேன், கொஞ்சம் கறாராகவே.

"தெரியுங்க. ஆனா அண்ணன் என் வண்டிய விட்டு எறங்குறப்பல்லாம், 'போயிட்டு வர்றேன் தம்பி'னு சொல்லாமப் போனதே இல்ல. நான் மட்டும் எப்படிங்க சொல்லாமப் போறது?"

வேன் கிளம்பிவிட்டது. எங்கள் வீட்டுப் படியை விட்டு அண்ணன் ஒரு நாளும் யாரிடமும் சொல்லிக்கொண்டு இறங்கியதில்லை. அந்த டிரைவர் சொன்னது பொய்யாக இருந்தால் தேவலை என்று இப்போதும் நினைக்கிறேன்.